தானாக நிற்காதது

சனிக்கிழமை காலை ஒன்பதரை.
வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை, பதினொரு மாடி.
லிஃப்ட் போகாத ஆழத்துக்குப் படியால் இறங்கி
சிவப்புக் கதவைத் திறக்கிறேன்.
யாரோ மறுபடி சைக்கிள் சாத்தியிருக்கிறார்கள்.
போன கிழமை பிளாஸ்டிக் நத்தார் மரம்.
இந்த அறை களஞ்சியம் அல்ல என்று
மூன்று மொழியில் எழுதி ஒட்டியவன் நான்.
மூன்று மொழியிலும் ஒருவரும் வாசிக்கவில்லை.

ஆறு சிலிண்டர்.
ஒருநாளும் ஓரிடமும் போகாத எஞ்சின்.
லொறியில் பூட்டியிருந்தால் இதற்குள்
தம்புள்ளையிலிருந்து எவ்வளவு வெங்காயம் இழுத்திருக்கும்.

பூட்டும்போதே சண்டை.
காற்று வேண்டும் என்றேன்,
கட்டினவர் கதவைக் காட்டினார்.
கதவு காற்றல்ல, ஐயா.
சுவரை வெட்டிச் சட்டகம் போட வைத்தேன்.
இப்போது அதனூடே கடலும் வந்து
போல்ட்டுகளைத் தின்கிறது.
புகைக்குழாயைக் கார்கள் நிற்கும் இடத்தில் விடலாமே என்றார்.
வெளியே கொண்டுபோனேன், மழை புகாத வளைவோடு.
தண்ணீர்த் தொட்டி பம்பைவிட உயரத்தில் இருக்கவேண்டும்:
இது தண்ணீரைத் தேடிப்போய் உறிஞ்சக்கூடாது,
தண்ணீர் தானாக வந்து வாயில் நிற்கவேண்டும்.
பற்றரி ஒன்று போதாதா?
போதாது. இரண்டு.
மாறி மாறி ஆறு முறை முயலும்,
பதினைந்து செக்கன் உதறல், பதினைந்து செக்கன் ஓய்வு.
ஆறிலும் பிடிக்காவிட்டால் மணி அடிக்கும்.
அதற்குப் பிறகு மனிசர்தான்.

எல்லாரும் கேட்பது ஒன்று:
சூடு கூடினால் தானாக நிற்குமா?
நிற்காது.
எண்ணெய் வற்றினாலும் நிற்காது.
மற்ற எஞ்சின்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளும்.
இது கத்தும், விளக்கெரிக்கும், ஓடும்,
உருகி இறுகும்வரை ஓடும்.
வேகம் மிஞ்சினால் மட்டும் தன்னை அறுக்கும்.
மற்றப்படி நிறுத்த ஒரு கை வரவேண்டும்.
நான் வீரம் பேசவில்லை.
வயறிங் அப்படி.

டீசல் இல்லாத அந்த வருசம்
செயலாளர் சற்குணராசா இறங்கிவந்தார்,
கையில் ரப்பர் குழாய்.
"இதுக்குள்ள இருநூற்றைம்பது லிற்றர் சும்மா கிடக்கு.
பத்து வருசத்தில நெருப்பு வந்ததா?"
வரவில்லை.
"ஒன்பதாம் மாடியில பஸ்லியா ரீச்சர்
ஒக்சிசன் மெசினோட. இரவைக்குக் கரண்ட் வருமா?"
அதுவும் வராது.

மேலே அறுபத்திரண்டு வீடு.
ஒவ்வொரு வீட்டிலும், கரண்ட் இல்லாத அந்த இரவுகளில்,
மெழுகுதிரி.

குழாயை வாங்கினேன்.
நானே வாய்வைத்து இழுத்தேன், இருபது லிற்றர்.
டீசல் ருசி இரண்டு நாள் நாக்கில் கிடந்தது.
பதிவேட்டில், எரிபொருள்: 20 குறைவு.
காரணம் என்ற கட்டத்தில் "மூச்சு" என்று எழுதி,
வெட்டி, "அவசரம்" என்று எழுதினேன்.
வெட்டினது இன்னும் வாசிக்கலாம்.

அன்றிரவு நான் வீட்டுக்குப் போகவில்லை.
எஞ்சினுக்கு முதுகைக் கொடுத்து இருந்தேன்.
அதன் தண்ணீர்ச் சட்டையின் இளஞ்சூடு
கரண்ட் போனதோடு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டு போனது.

திருப்பி ஊற்ற, கிருலப்பனையில் இரண்டு இரவு வரிசை.
கானில் தரமாட்டோம் என்றார்கள்.
மச்சானின் வானில் அடித்து,
அதிலிருந்து மறுபடி வாயால்.
பத்தொன்பதரைதான் சேர்ந்தது.
ரீச்சருக்கு ஒன்றும் தெரியாது.
படியில் கண்டால், சத்தம் கூட, தம்பி, என்பா.

இன்றைக்கு முதல் உதறலிலேயே பிடித்தது.
அரை மணித்தியாலம் ஓடவேண்டும்.
எண்ணெய் அழுத்தம் பார்க்கிறேன்,
தண்டின் பொதியுறையில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்;
அது ஒழுகத்தான் வேணும், ஒழுகாவிட்டால் எரியும்.
காதுமூடியை உயர்த்தினால்
படியின் மேலிருந்து காவலாளி உபசேன கத்துகிறான்:
ஆறாம் மாடி நோனா கேட்கிறா,
எப்ப நிற்கும்?

பதினொரு நிமிசம் என்று சொல்லு.
சைக்கிள் யாருடையதெண்டும் கேள்.