ஒற்றைக் கொம்பு

சங்கொலிக்குப்பத்தில் இப்போது
சங்கு ஊதுவது ஆலைதான்.
இரவு பத்துக்கு ஒன்று, காலை ஆறுக்கு ஒன்று.
இரண்டுக்கும் நடுவில் நான்,
வெள்ளைக் கோட்டும் ரப்பர் கையுறையுமாக
தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில்
பழுப்புக் கண்ணாடிப் புட்டிகளை எண்ணுகிறவள்.

ஒரு புட்டிக்குள் மட்டும் கருஞ்சிவப்பு,
ஆறாத புண்ணில் கசிவது போல.
இறுக மூடினாலும்
தொண்டையில் வந்து கையெழுத்துப் போடும்.
புரோமின்.

வேலை குறைந்த ஓர் இரவில் அகராதி பார்த்தேன்.
கிரேக்கச் சொல். புரோமோஸ்.
ஒகரம் குறிலானால் இடியின் முழக்கம், தீ படபடக்கும் ஓசை.
அதே குறிலில் ஓட்ஸ் தானியமும் உண்டாம்,
யார் யாருக்கு உறவென்று தெரியவில்லை.
நெடிலானால்
நாற்றம்.

நாம் நெடிலில்தான் எழுதுகிறோம்.
சரியாகத்தான் எழுதுகிறோம்.

உப்பு எடுத்தபின் மிஞ்சிய கசப்பு நீரில்
இதைக் கண்டெடுத்த பிரெஞ்சு இளைஞன்
உவர்நீரின் பெயரைத்தான் வைக்க நினைத்தானாம்.
பாரிஸில் பெரிய மனிதர்கள் கூடிப்
பெயரை மாற்றினார்கள்.
அவன் போக்கில் விட்டிருந்தால்
எங்கள் உப்பனாற்றுக்கு
ஒரு தூரத்து உறவாவது கிடைத்திருக்கும்.

யாரைக் குறை சொல்ல?
என் மொழியிலும் ஒரு காலத்தில்
முல்லை நாறியது. சந்தனம் நாறியது.
கூந்தல் நாறுகிறது என்றால்
அவள் முகம் சிவந்தாள்.
எந்த நூற்றாண்டில், எந்தத் தெருவில்
யார் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு
அந்தச் சொல்லைச் சொன்னார்கள்?
அகராதியில் தேதி இல்லை.

அஞ்சலாட்சியிடம் தேதி இருக்கிறது.
உப்பனாற்றில் இறால் தடவுகிறவள்.
மகனின் பழைய கணக்கு நோட்டில்
எழுதி வைக்கிறாள்:
திங்க, அழுகுன முட்டை.
புதன் விடியக்காலம், நெயில் பாலிஷ்.
சனி, பழுத்த பலா, ஆனா பலா இல்ல.

மாசுக்கட்டுப்பாட்டு அதிகாரி வந்த அன்று
காற்று வேறு பக்கம் போயிருந்தது.
படிவத்தில் ‘வாசனையின் வகை’ என்ற கட்டத்தில்
ஒரு கோடு இழுத்துவிட்டு
இளநீர் குடித்துப் போனார்.

ஷிப்டு முடிந்து வண்டியை எடுத்தவளை
நோட்டோடு மறித்தாள்.
“செவ்வாக்கெழம ராத்திரி ரெண்டு மணி.
கண்ணு எரிஞ்சுது. நாக்குல துரு.
அதுக்குப் பேரு என்னா? நீ உள்ளதான இருக்க.”

அடையாள அட்டை கழுத்தில் ஆடியது.
வெளியே பேசமாட்டேன் என்று
வேலைக்குச் சேர்ந்த அன்றே எழுதிக்கொடுத்தவள் நான்.
சொன்னேன்.

“அப்படின்னா?”

“நாத்தம்.”

ஒரு நொடி என்னையே பார்த்தாள்.
பிறகு இடுப்புப் பறி குலுங்கச் சிரித்தாள்.
“அதத்தான நாங்க பதினஞ்சு வருசமா சொல்றோம்.”

பேனாவில் மை வரவில்லை. உதறினாள்.
நோட்டை வண்டி சீட்டில் வைத்து
ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினாள்:
புரொமின்.

இரட்டைக் கொம்பு வரவேண்டிய இடத்தில்
ஒற்றைக் கொம்பு.
குறில்.

நான் திருத்தவில்லை.