தோன்றா எழுவாய்

கிரிம்ஸ்பி மீன்துறையில்
குளிர்கிடங்கின் மாடி அலுவலகம்.
மேவிஸ் டாஸ்கர் தட்டச்சு செய்கிறாள்.
ஜன்னலுக்கு வெளியே ஹம்பர் முகத்துவாரம்
ஆறிப்போன தேநீர் நிறத்தில்.

'பதினான்காம் தேதி இரவு
மூன்றாம் குளிரறையின் கதவு மூடப்பட்டது.
உட்புறக் கைப்பிடி பழுதுபட்டிருந்தது.
காலை ஐந்தேகால் மணிக்கு
திரு. சாக்ஸ்பி கண்டெடுக்கப்பட்டார்.'

மேலாளர் லேமிங் அவள் தோளுக்குப் பின்னால் நின்று
வாசித்துவிட்டுத் தலையாட்டுகிறார்.
அறிக்கை என்றால் இப்படித்தான், மேவிஸ்.
காரியம் இருக்கணும்.
ஆள் இருக்கக் கூடாது.

பள்ளியில் அவளுக்கு இது பிடித்த பாடம்.
பூனை பாலைக் குடித்தது.
பால் பூனையால் குடிக்கப்பட்டது.
பத்துக்கு ஒன்பது வாங்கினாள்;
பூனைக்கும் பாலுக்கும் வழக்கு ஏதும் இல்லை.
பள்ளியில் சொல்லாமல் விட்டது ஒன்றுதான்:
செய்தவரை வாக்கியத்தின் கடைசிக்கு அனுப்பிவிட்டால்,
கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட பெண்கள்
காட் மீனுக்குச் செய்வதுபோல
ஒரே இழுப்பில் வாலை அரிந்துவிடலாம்.
பால் குடிக்கப்பட்டது.
ரத்தமே வராது.
வாக்கியம் நீந்திப் போய்விடும்.

நம் இலக்கணத்திலும் ஒளிந்துகொள்பவர் உண்டு.
தோன்றா எழுவாய் என்று பெயர்.
ஆனால் அவர் அப்பாவி:
'வந்தேன்' என்றால் நான்,
'வந்தாய்' என்றால் நீ,
வால் காட்டிக்கொடுத்துவிடும்.
'மூடப்பட்டது' என்பதன் வாலைப் பிடித்து இழுத்துப் பாருங்கள்,
கதவுதான் வரும்.
கூடவே ஒரு 'படு'.
யார் பட்டது என்பது மட்டும்
எல்லாருக்கும் தெரியும்.

விசாரணை மன்றத்தில் ஐவி சாக்ஸ்பி
பச்சை மழைக்கோட்டைக் கழற்றவே இல்லை.
எழுத்தர் ஒவ்வொரு வரியாக வாசித்தார்.
கதவு மூடப்பட்டது.
யாரால்?
பதினேழு வயது டெரன்ஸால், அம்மா,
தினமும் பத்து மணிக்கு மூடுவதுபோல.
அந்தப் பையன் எழுந்து நின்று அழுதான்.
ஐவி அவனைப் பார்த்து, உட்காரு கண்ணு, என்றாள்.
கடிதம் கவனிக்கப்படவில்லை.
யாரால்?
அதிகாரி கண்ணாடியைத் துடைத்தார்.
மன்றத்தில் யாரோ இருமினார்கள்.
யாரால்?
மூன்றாம் வரிசையில் மேவிஸ்
கைப்பையின் கொக்கியை
திறந்து மூடி, திறந்து மூடி.

ஒன்று சொல்ல வேண்டும்,
செயப்பாட்டுவினை கெட்டதல்ல.
கல்லறைக்கு ஐவி தேர்ந்த சொல் அதுதான்:
'நேசிக்கப்பட்டவர்.'
அதற்கு யாரால் என்று அவள் கேட்கவில்லை.
கல்தச்சன் எழுத்துக்குக் காசு கேட்கிறவன்,
அத்தனை பேரையும் போட
அந்தக் கல்லில் இடமும் இல்லை.

வியாழக்கிழமை, எல்லாரும் போன பிறகு,
மேவிஸ் புதுத் தாளைச் சுருட்டி ஏற்றினாள்.
ஆங்கிலத்தில் 'நான்' என்பது ஒற்றை எழுத்து.
வாக்கியத்தின் நடுவில் வந்தாலும்
பெரிய எழுத்தாகத்தான் வரவேண்டும்,
நிமிர்ந்த ஒரு கோடு,
ஒளிய அதற்கு வளைவே கிடையாது.
பதினோரு வருட அலுவலக வேலையில்
அவள் அதை அடித்ததே அபூர்வம்.

சுண்டுவிரலால் ஷிஃப்ட்டை அழுத்தினாள்.

'கைப்பிடி கழன்று வருகிறது என்று
வில்ஃப் சாக்ஸ்பி செப்டம்பரில் எழுதினார்,
எடைச்சீட்டின் பின்புறம், பென்சிலால்.
நான் அதை லேமிங்கிடம் கொடுத்தேன்.
ஜனவரி வரை கிடக்கட்டும் என்று லேமிங் சொன்னார்.
நான் அதை இழுப்பறையில் வைத்தேன்.
நான் பூட்டினேன்.'

படித்துப் பார்த்தாள்.
குட்டி வாக்கியங்கள், குழந்தை எழுதியதுபோல.
பத்துக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரியவில்லை.
கையெழுத்துக்குப் பேனா தேடுகையில்
கீழே மூன்றாம் அறையின் மோட்டார்
ஒருமுறை செருமி ஓடத் தொடங்கியது.

யாரோ போட்டிருக்கிறார்கள்.