இரண்டாவது நோட்டு

பெனியில் காற்று பதினொரு மணிக்குக் கிளம்பும்.
அதற்குள் இருபது டிப்பர் போயிருக்க வேண்டும்.
எண்ணுவது என் வேலை.
நீல நோட்டில் அரசாங்கத்துக்கு நாற்பது நடை,
சிவப்பு நோட்டில் முதலாளிக்கு எழுபத்தைந்து.
நடுவில் காணாமல் போகிற முப்பத்தைந்து டிப்பர் ஆற்றை
நான் ஒருத்திதான் அறிவேன்.
ஆறும் அறியும்.

காளி கண்டகி கறுப்பு.
முஸ்தாங் மலைகளைக் கரைத்துக் குடித்த கறுப்பு.
முங்கி எழுகிறவர்கள்
பாவம் போயிற்று என்கிறார்கள்.
இதில் துவைத்த என் வெள்ளைச் சால்வை
ஒருநாளும் வெளுத்ததில்லை.

கண்டகி என்றொருத்தி தவம் கிடந்தாளாம்.
வேறென்ன கேட்டாள்,
நீ என் வயிற்றில் பிள்ளையாகப் பிற என்றாள்.
விஷ்ணு ஒப்புக்கொண்டார்:
நீ ஆறாக ஓடு,
நான் கல்லாகப் பிறக்கிறேன்.
அன்று எடுத்த வலி
இன்னும் அடங்கவில்லை.

இன்னொரு கதையும் உண்டு.
ஏமாற்றப்பட்ட பெண்,
கல்லாய்ப் போ என்று சபித்தவள்
தானே ஆறாகிப் போனாள்,
தலைமுடி துளசி.
ஒன்றில் தாய், ஒன்றில் மனைவி.
பெண் என்றால் எப்போதும்
இரண்டு நோட்டுதான்.

ஹுமலால் புன் ஜேசிபியின் பல்லுக்கு
ஒரு கை தண்ணீர் தெளித்துவிட்டுத்தான்
ஆற்றுக்குள் இறக்குவான்.
அள்ளியதில் உருண்டையாய்க் கறுப்பாய் எதுவும் பட்டால்
எஞ்சினை அணைத்துவிட்டுக் குதிப்பான்.
கண்ணாடிக்குக் கீழே வரிசையாய்ப் பதினோரு சாளக்கிராமம்,
வண்டி அதிரும்போதெல்லாம்
ஒன்றோடொன்று முட்டிப் பேசிக்கொள்ளும்.
"பார்த்ததை எடுத்துவிடுகிறேன்" என்பான்.
பாராததைப் பற்றி
நாங்கள் பேசுவதில்லை.
கிரஷரின் சத்தத்தில் பேசவும் முடியாது.

கார்த்திகை ஏகாதசிக்கு
முதலாளி வீட்டில் துளசிக்குக் கல்யாணம்.
மாப்பிள்ளையை எலி உருட்டிக்கொண்டு போய்விட்டதாம்.
ஹுமலாலின் வரிசை மேல் கை நீட்டினார்.
அவன் கொடுக்கவில்லை.
"இவர்கள் என்னிடம் அடைக்கலம்" என்றான்.
அப்படி ஒரு சொல் அவனிடம் இருந்தது
அன்றுதான் எனக்குத் தெரியும்.

சரி, புதிதாகத் தோண்டு என்றார்.

அன்று முழுக்க அள்ளினான்.
மெல்ல,
குழந்தையின் தலையில் பேன் பார்க்கிறவளைப் போல.
சல்லடைமேல் கொட்டிக்
கால்களை அகட்டி உட்கார்ந்து விலக்கினோம்.
பச்சைக் கல், சாம்பல் கல், சிவப்புக் கோடு ஓடிய கல்,
ஒரு செருப்பு,
யாரோ பித்ருவுக்கு விட்ட செப்புக் கிண்ணம்.
கடவுள் இல்லை.
எழுபத்தைந்து நடையில்
எத்தனை பேரை அரைத்தோமோ,
வேண்டுமென்று கேட்ட நாளில்
ஒருவர்கூட வரவில்லை.

காக்பெனியிலிருந்து ஒன்று வந்தது, எண்ணூறு ரூபாய்.
விலை என்று சொல்லக்கூடாதாம், காணிக்கை.
தாலி கட்டியாயிற்று.
எங்களுக்கும் செல் ரொட்டி வந்தது.

மறுநாள் என் வீட்டுச் சமையலறையில்
குடம் வைக்கும் மூலையைத் துடைத்தபோது
சுவர்ப் பூச்சு உதிர்ந்தது.
உள்ளே ஜல்லி.
எங்கள் கிரஷரின் ஜல்லிதான்,
சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்த அரை டிப்பர்.
அதில் நகத்தளவு ஒன்றில்
பாதிச் சக்கரம்.
மீதிப் பாதி
பாலத்தில் இருக்கலாம், போலீஸ் சாவடியில் இருக்கலாம்,
பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் இருக்கலாம்.

பெயர்த்து எடுக்கலாமா என்று
கத்தியைக் கொண்டுவந்தேன்.
எடுத்தால் சுவர் விழும்.
எடுக்காவிட்டால்
தினமும் அவர் முன்னால்தான் மீன் அலச வேண்டும்.

பழைய எண்ணெய் டின்னில் மண் நிரப்பி
ஒரு துளசிக் கன்றை நட்டு
அந்த மூலைக்கு நகர்த்தினேன்.
புரோகிதர் இல்லை, மஞ்சள் இல்லை.
வெளியே காற்று எழும்பிக்கொண்டிருந்தது,
முதல் டிப்பர் ஆரன் அடித்தது.

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு ஓடினேன்.
நீல நோட்டில் ஒன்று.
சிவப்பு நோட்டில் ஒன்று.