ஓடுதையல்

காலை ஒன்பதரைக்குப் பிறகு
மாங்குளம் சந்தியில் ஹயர் இல்லை.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கியாயிற்று.
ஆசுப்பத்திரிக்குப் போறவர்கள் போயாயிற்று.
அடுத்த முல்லைத்தீவு பஸ்சுக்கு இன்னும் நேரமிருக்கு.
பின்சீற்றுக்குக் கீழிருந்து
பிஸ்கற் ரின்னை எடுக்கிறேன்.

பதினொரு நூல்கட்டை, ஒரு மரவளையம்,
சோடி சேராத தெறிகள்,
ஒரு சின்னக் கத்தரிக்கோல்.
ஓட்டோவை இரவல் கேட்டால் தருவேன்,
கத்தரிக்கோலைத் தரமாட்டேன்.

நூல் நுனியை நாக்கில் நனைத்து
பல்லுக்கிடையில் தட்டையாக்கி
ஒரு கண்ணை மூடி
ஊசிக் காதை வெயிலுக்கு நேரே பிடிக்கிறேன்.
முதல்தரமே நுழைந்தால் நல்ல நாள்.
ஆறாந்தரம் நுழைந்தாலும்
அப்படியொன்றும் கெட்ட நாளில்லை.

வளையத்தில் இறுக்கின துணியை
விரலால் சுண்டிப் பார்ப்பேன்.
டும் என்றால் சரி.
தொப் என்றால் இன்னும் இழுக்கவேணும்.
துணி, ஒரு பழைய கூடாரத்தின் உட்பக்கம்.
எப்போது வந்தது, ஏன் வந்தது என்று
இந்த வீதியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.
நல்ல பருத்தி. வெளிறின மஞ்சள்.
ஊசி போகையில் சின்னதாய் முனகும்,
பிறகு நூல் தன் முழு நீளத்துக்கும்
சர்ரென்று வந்து சேரும்.
என் வண்டியில் இவ்வளவு மெல்லிய சத்தம் வேறில்லை.

யாரும் பழக்கவில்லை.
மடுத் திருவிழாக் கடையில் வாங்கின
பூப்போட்ட தலையணை உறையை
ஒரு மழைநாள் முழுக்க இருந்து பிரித்தேன்.
பூ எந்த வழியால் போனதோ
அதே வழியால் ஊசியைத் திருப்பிக் கூட்டிவந்தேன்.
வந்தது பூவில்லை, கத்தரிக்காய்.
ஆனாலும் கத்தரிக்காய்.

பெனடிற் முதல் கிழமை சிரித்தான்:
"மச்சான், அடுத்தது கொண்டையோ?"
பிறகொருநாள் சேட்டைக் கழற்றி நீட்டினான்,
தெறி கழன்றுபோச்சாம்.
தெறிக்குப் பக்கத்தில் கேளாமலே
ஒரு சிவப்பு இறால் தைத்துவிட்டேன்.
இப்போது அந்தச் சேட்டைத்தான்
கோயிலுக்கும் போடுகிறான்.

ஹயர் வந்தால் ஊசியைக் கொலரில் குத்துவேன்.
ஒருநாள் ஒலுமடுவில் இறங்கின பெரியவரின் குடைக்கம்பியில்
பச்சை நூல் கொளுவிக்கொண்டது.
கட்டை சீற்றில் துள்ளித் துள்ளிச் சுழல,
குடை ஒழுங்கைக்குள் போகிறது.
நான் சுற்றிக்கொண்டே பின்னால் போனேன்,
வேலி, முருங்கை, கிணற்றடி.
படலையில் திரும்பிப் பார்த்தார்.
"காசு குறைஞ்சு போச்சோ?"
"இல்லை ஐயா, நூல்."
கொஞ்சம் யோசித்து
குடையை விரித்துக் காட்டினார்.
அதிலும் ஒரு கிழிசல்.

திரும்பி வருகையில்
வீதி நடுவில் விட்டுவிட்டுப் போன வெள்ளைக் கோட்டை
முதல்தடவை ஒழுங்காய்ப் பார்த்தேன்.
ஓடுதையல்தான். நீளம் கொஞ்சம் கூட.

இப்போது சீற்றின் முதுகுக்கு
ஒரு தாமரையிலைக்கோழி தைக்கிறேன்.
வவுனிக்குளத்தில் பார்த்தது. வாலுக்கே எட்டு நாள்.
ரியூசனுக்குப் போகிற டிலக்சிகா
உயிரியல் படிக்கிறவள்,
ஏறினவுடனே குனிந்து பார்த்தாள்.
"அண்ணை, விரல் காணாது.
இது இலையில நடக்கிற குருவி.
இந்தக் காலோட நிண்டால் தாண்டுபோம்."

அன்று பின்னேரம் காலைப் பிரித்தேன்.
பிரிப்பதும் ஒரு சுகம்தான்,
கத்தரி நுனியால் ஒவ்வொரு கண்ணியாய்த் தூக்க
துணியில் ஓட்டைகள் மட்டும் மிஞ்சும்.
நகத்தால் தேய்க்க அவையும் மூடும்.
பிறகு விரல்கள். காம்புத்தையலில், நீட்டி,
இன்னும் நீட்டி,
இலையின் விளிம்புவரை.

சீற்றில் மாட்டி மூன்று நாள்.
நேற்று ஒருவர் ஒட்டுசுட்டான் மட்டும்
முதுகு நிமிர்த்தினபடியே வந்தார்.
பள்ளத்தில் வண்டி விழுந்தெழும்பியும் அசையவில்லை.
"சாயுங்கோ அண்ணை" என்றேன்.

"குருவி நிக்குது தம்பி."