பதினோரு வளைவு

இரவு ஒன்பதேகாலுக்கு,
கடைசி முழங்கால் எழுந்து போனபின்,
எக்ஸ்ரே மேசையில் அதைக் கிடத்தினோம்.
கணினி பெயர் கேட்டது. கிரிஸ் என்று அடித்தேன்.
வயதுக்கு மூன்று இலக்கத்தை அது ஏற்காது;
தொண்ணூற்றொன்பது போட்டேன்.

மஞ்சள் பையில், தினத்தாளில் சுற்றி,
கம்மவான்பேட்டையிலிருந்து கொண்டுவந்தவர்
வசந்தகோகிலா அம்மா.
அவர் அப்பா, ஹவில்தார் முனிரத்தினம்,
நாற்பத்தாறில் சுரபாயாவிலிருந்து திரும்பியபோது
டிரங்குப் பெட்டியில் இருந்தது.
யாரும் உருவிப் பார்த்ததில்லை.
உருவ வரவில்லை என்பதே சரி.
பொங்கலுக்கு ஒரு மாப்பிள்ளை இழுத்துப் பார்ப்பார்.
ஆயுத பூஜைக்கு ஒரு பொட்டு வாங்கிக்கொண்டு
பரணுக்குத் திரும்பிவிடும்.

துரு கவ்வியிருக்கும் என்றான் சாதிக் பாஷா.
தோட்டப்பாளையத்தில்
அறுவைக் கத்தரிகளுக்குச் சாணை பிடிப்பவன்.
இரும்பு மூச்சு விடுவது தனக்குக் கேட்கும் என்பான்,
நான் நம்புவதில்லை.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."
பழக்கதோஷம், சொல்லிவிட்டேன்.
அறையிலிருந்த மூவரும் பிடித்தோம்.

திரையில் வெள்ளையாய் நெளிந்தது அலகு.
அடியில் யானைத் துதிக்கைபோல் ஒரு சுருள்.
அங்கங்கே துரு, எலும்புத் தேய்மானம் மாதிரி.
வளைவுகளை எண்ணினேன்: பன்னிரண்டு.
"இரட்டைப்படை வராது. அவங்க ஒத்தையிலதான் அடிப்பாங்க.
கழுத்தை விட்டுட்டு எண்ணு."
பதினொன்று.

அப்புறம்தான் மரத்தைப் பார்த்தேன்.
மரம் மங்கல், நுரையீரலைவிட மங்கல்.
வளைந்த கத்தி போய்வர அகலமாய், நேராய் ஒரு குழி வேண்டும்.
இந்தக் குழியும் வளைந்திருந்தது,
அலகை ஒட்டியே, மயிரிழை விடாமல்,
நுனிவரைக்கும்.
எவனோ இரண்டு பாளமாய்க் குடைந்து
கத்தியை நடுவில் கிடத்தி ஒட்டியிருக்கிறான்.
உறை என்று எப்படிச் சொல்வது இதை?

குக்கர் மூடியில் ரப்பர் குழாய் செருகி
மூன்று மாலை ஆவி காட்டினோம்.
வச்சிரம் இளகி மாட்டுத்தோல் வாடை வந்தது;
பாலாற்றங்கரைக்காரர்களுக்கு அது புதிதில்லை.
நாலாம் நாள் புளியம்பழம்போல் திறந்துகொண்டது.
மேலே தோணி வடிவப் பகுதி கடல் கடந்த மரம்.
கீழே முழுக்க வேம்பு, நம்மூர்த் தச்சன் கை.
உள்ளே ஒவ்வொரு வளைவுக்கும் பக்கத்தில்
ஒரு பென்சில் கோடு.
அவனும் எண்ணியிருக்கிறான்.

எலுமிச்சை, பூந்திக்கொட்டை, பழைய டூத்பிரஷ்.
ஆறாம் நாள்தான் தண்ணீர் தெளிந்தது.
லாங் பஜார் நாட்டுமருந்துக் கடையில் பாஷாணம் கேட்டேன்.
"எலிக்கா?"
"கத்திக்கு."
எடை போட்டவர் என்னை இன்னொருமுறை பார்த்தார்.
பூசப் பூச இரும்பு கறுத்தது,
கறுப்புக்குள் பருக்கை பருக்கையாய் வெள்ளை எழுந்தது.
அங்கே அதன் பெயர் சிந்திய அரிசியாம்.

படங்களைப் பார்த்துவிட்டு
சோலோ நகரத்து ஆள் ஒருவர் எழுதினார்:
அலகு ஜாவா, கைப்பிடி மதுரா.
"மதுரையா?" என்றார் அம்மா.
சுரபாயாவுக்கு எதிரே ஒரு தீவு என்றேன்,
ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

அவர் சிரிக்கவில்லை.
பென்சில் கோடுகளை விரலால் தடவிக்கொண்டே கேட்டார்:
"தச்சன் தெரியாம செஞ்சதா,
அப்பா சொல்லிச் செஞ்சதா?"
படத்தில் அது விழாது என்றேன்.
"சுரபாயா பத்தி ஒரே ஒரு தடவைதான் பேசினாரு.
மழை ஜாஸ்தின்னு."

நேர்க்குழியில் புது உறை செய்து தருவதாகச் சாதிக் சொன்னான்.
சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் இல்லை.
வேப்பம்பாளத்தில் அலகை மறுபடி வைத்தார்.
கேட்காமலே ஒவ்வொரு வளைவும்
தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.
"கட்டுத்துணி இருக்குமா தம்பி?"
நாலங்குல க்ரேப் பேண்டேஜ்,
மேலிருந்து கீழாகச் சுற்றி
ஊக்குக் குத்திக் கொடுத்தேன்.

ஆரணி பஸ்ஸில் நல்ல கூட்டம்.
மார்போடு அணைத்திருந்த வெள்ளைக் கட்டைப் பார்த்து
யாரோ எழுந்து
இடம் கொடுத்தார்கள்.