தண்ணீரின் எடை

வேன் ஏலத்தில் கிடைத்தது.
முன்பு அதில் பூ ஏற்றியவர்கள் யாரோ.
கதவிடுக்கில் காய்ந்த இதழ் ஒன்று.
அதைச் சரக்குக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அழுத்த மோட்டார்: தவணையில்.
ஜெனரேட்டர்: மைத்துனன் எவரார்தோவிடம் இரவல்,
இரைச்சலுக்குத் தான் பொறுப்பில்லை என்று
முதலிலேயே சொல்லிவிட்டான்.
நுரைத் துப்பாக்கி, ஐம்பதடி ஹோஸ்.
கறை உறிஞ்சும் எந்திரம் பழையது,
எந்த வீட்டுக் கம்பளத்தின் பாவமோ
இன்னும் அதன் வயிற்றில் கிடந்து நாறுகிறது.
சக்கரத்துக்கு ஒரு பிரஷ்,
சக்கரத்தின் நட்டுக்கு ஒரு பிரஷ்,
ஏசித் துவாரத்துக்கு
என் திருமணத்தன்று கன்னத்தில் ஓடிய அதே பிரஷ்.
மைக்ரோஃபைபர் துணி அறுபது:
கண்ணாடிக்கு நீலம், உடலுக்கு மஞ்சள், டயருக்குச் சாம்பல்.
நிறம் மாறிவிட்டால் போச்சு.
ஒரே ஒரு மணல் போதும்,
யாரோ ஒருவரின் கதவில்
ரொசௌரா பிராகமோந்தே என்று
ஆயுளுக்கும் என் கையெழுத்து.

எல்லாம் வாங்கியாயிற்று என்று நினைத்துத்தான்
அந்த ஜூன் காலையில் தொட்டியை நிரப்பினேன்.
அறுபத்தைந்து காலன்.
வேன் பின்பக்கமாக உட்கார்ந்தது,
சீட்டாட்டத்தில் குந்தியவன்
இனி எழமாட்டேன் என்பதுபோல.

இருநூற்று நாற்பத்தாறு கிலோ.
கடைக்காரனின் பட்டியலில் மோட்டாரின் எடை இருந்தது,
ஷாம்பூவின் எடை இருந்தது, மெழுகின் எடைகூட.
குழாயில் வருவதை
யார் நிறுத்துப் பார்ப்பார்கள்?
வில்தகடு இரண்டு, மாட்டும் கூலியோடு நானூறு டாலர்.
அப்புறம் காருக்கு அடியில் விரிக்க ரப்பர் பாய்.
பாலைவனத்து ஊரில்
சோப்புத் தண்ணீர் தெருவில் ஓடினால்
அக்கம்பக்கத்தார் போனைக் கையில் எடுப்பார்கள்.

முதல் ஆள் வெண்டல் ஹாக்.
துசானின் கிழக்கே, நிழலே இல்லாத ஒரு சந்து.
வெள்ளி நிற பிக்கப்.
"உள்ளே, வெளியே, இன்ஜின். ஒன்றையும் விடாதே."
சீட்டுக்கடியில் சூரியகாந்தி விதைத் தோல்.
தையல்தோறும் சுண்ணப் பொடி,
சுவர் பூசுகிறவன் போலிருக்கிறது.
களிமண் கட்டியால் பானெட்டைத் தேய்த்தேன்.
முதலில் உப்புத்தாளின் சத்தம்,
பிறகு சர்சர்,
பிறகு ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லை வந்தால்தான்
வண்டி சுத்தம்.

பதினொன்றுக்கு இழுவை லாரி வந்தது.
சட்டையில் டெக்ஸ்டர் என்று தைத்திருந்தது.
கையில் வங்கியின் தாள்.
நான் வெண்டலைப் பார்த்தேன்.
"தெரியும்," என்றான் படியில் உட்கார்ந்தபடி,
"இன்றைக்கா நாளைக்கா என்பதுதான் தெரியவில்லை."

இடது பக்கம் முழுக்க நுரை.
இந்த வெயிலில் சோப்பு காய்ந்தால் தடம் விழும்.
யார் வண்டியானால் என்ன, தடம் தடம்தான்.
"பத்து நிமிடம்," என்றேன்.
டெக்ஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தான்,
தாளைப் பார்த்தான்,
என் வேனின் நிழலில் போய்க் குந்தினான்.
ஏழாவது நிமிடத்தில் கேட்டான்:
"அந்த எந்திரம் காப்பிக் கறையை எடுக்குமா?
என் கேபினுக்கு எவ்வளவு ஆகும்?"

வெண்டல் நூற்று எண்பது டாலரை
இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தான்.
வாங்கும்போது எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
கொக்கி மாட்டிய இடத்தில் மட்டும்
டெக்ஸ்டரின் விரல் ரேகை பதிந்தது.
அதைத் துடைக்கக் கையெடுத்தேன்,
அதற்குள் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும்பிவிட்டன.

பாயில் தேங்கியதை உறிஞ்சினேன்,
பாதியை வெயில் ஏற்கெனவே குடித்திருந்தது.
திரும்பும்போது வேன் நிமிர்ந்து ஓடியது.
இரவு துணிகளை நிறவாரியாகத் துவைக்கப் போட்டு
எண்ணினேன், மறுபடி எண்ணினேன்.
மஞ்சளில் ஒன்று குறைந்தது.
ஓட்டுநர் கதவுப் பையில் வைத்த நினைவு.

நோட்டில் அறுபதை அடித்துவிட்டு
ஐம்பத்தொன்பது என்று எழுதினேன்.
அதற்குக் கீழே:
விசிட்டிங் கார்டு அடிக்க வேண்டும்,
இன்று என் எண்ணை அவன் உள்ளங்கையில்
எழுத வேண்டியதாயிற்று.