மீதி

முப்பத்தேழாவது பாரில்
பாட்டு லேசாகத் தடுக்குகிறது,
படியில் செருப்பு மாட்டிக்கொள்வது போல.
விழுவதில்லை. ஆனால் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

"யாரு இழுக்கறது?" என்கிறார் மரியநேசன்.
ஆல்ட்டோக்கள் சோப்ரானோக்களைப் பார்க்கிறார்கள்.
யாரும் இழுக்கவில்லை.
தாளில் இருப்பதைத்தான் பாடுகிறார்கள்.
தாளை அச்சடித்தவன் நான்.

முத்தியால்பேட்டையில் மாடி அறை,
மடிக்கணினி, துண்டு காயும் நாற்காலி.
தெல்பின் எழுதியதை
அவள் மென்பொருளிலிருந்து என் மென்பொருளுக்குக்
கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.

போன் போட்டேன்.
ஜிப்மரில் இரவுப் பணி, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.
"அங்க நான் ஓய்வுக்குறி ஏதும் வைக்கலையே."
"இருக்கு. பதினாறில் ஒண்ணு."
"என் திரையில இல்ல."
"என் திரையில இருக்கு."
இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம்.
வார்டு மணி அடிக்கும்வரை சொன்னோம்.

அழித்தேன்.
அழித்த இடத்துக்கு அடுத்த பார் நகர்ந்து வந்தது,
அதன் பின்னால் அதற்கடுத்தது.
கடைசியில் ஒரு பார் வாய் பிளந்து நின்றது.
பழையபடி ஆக்கினேன்.
குறியை மட்டும் மறைத்தேன்.
கண்ணுக்குத் தெரியவில்லை, காதுக்குத் தெரிந்தது.
அவளுடைய மென்பொருளைத் திட்டினேன்.
அதைச் செய்த, ஊர் பேர் தெரியாத ஆட்களைத் திட்டினேன்.
மின்சாரம் போனது. அதையும்.

ஒன்றரை மணிக்குக் கோப்பைப் பிரித்து
வெறும் எழுத்தாகத் திறந்தேன்.
ஐந்து கோடு இல்லை, சுரத்தின் தலை இல்லை, வால் இல்லை.
எண்கள், எண்கள்,
எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி:
ஓர் அட்சரத்துக்கு நான்கு கூறு.

நான்கு.
அவள் எழுதியதோ திஸ்ரம்,
ஓர் அட்சரத்துக்குள் மூன்று சுரம், சமமாக.
நாலை மூன்று பேருக்குப் பிரித்தால்
ஆளுக்கு ஒன்று.
மிச்சத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மூன்றாவதின் பக்கத்தில்
ஓய்வு என்று போட்டு வைத்திருக்கிறது இயந்திரம்.
திருடவில்லை.
மூன்றாம் வகுப்புப் பையனைப் போல
மீதி ஒன்று என்று எழுதிவிட்டுக்
கைகட்டி உட்கார்ந்திருக்கிறது.

நான்கு என்று அதற்கு யார் சொன்னது?

அனுப்பும் பெட்டியில் ஒரு கட்டம் உண்டு,
மிகச் சிறிய சுரம் எது என்று கேட்கும்.
"கோப்பு பெரிசா வருது தெல்பின்,
எல்லாத்தையும் குறைச்சு அனுப்பு"
என்று போன மாதம் சொன்னவன்
இந்த மாடி அறையில்தான் இருக்கிறான்.

பன்னிரண்டு என்று மாற்றினேன்.
மூன்றுக்கும் போகும், நாலுக்கும் போகும்.
மற்ற எண்களையெல்லாம் மூன்றால் பெருக்கி,
அந்த ஒரு பாரில், நான்கு குரலுக்கும்,
கையால் நாலு, நாலு, நாலு.
ஓய்வை எடுத்துவிட்டேன்.
எதுவும் நகரவில்லை.
மணிக்கூண்டுப் பக்கம் முதல் டீக்கடை திறக்கும் சத்தம்.

ஞாயிறு ஒத்திகை கடலூரில், மஞ்சக்குப்பத்தில்.
தெல்பின் தினமும் வந்துபோகும் பேருந்து.
அந்தத் திஸ்ரத்தை எங்கே பிடித்தாய் என்று
ஒருமுறை கேட்டிருக்கிறேன்.
"அரியாங்குப்பம் பாலத்துல" என்றாள்.
நான் நம்பவில்லை.
பாலம் வந்தது.
இணைப்புகளின் மேல் சக்கரம்: தகிட, தகிட, தகி
குறுக்கே ஒரு ஸ்கூட்டர்.
பிரேக்.
பிறகு மெதுவாக, ட.

கண்டக்டரிடம் சில்லறை இல்லை.
டிக்கெட்டின் முதுகில் எண்ணை எழுதி
"இறங்கறப்ப வாங்கிக்குங்க" என்றார்.

முப்பத்தேழில் யாரும் தடுக்கவில்லை.
முப்பத்தெட்டில் யாரோ இருமினார்.
மரியநேசன் ஒன்றும் சொல்லாமல் பக்கம் திருப்பினார்.
தெல்பின் என்னைப் பார்த்தாள்,
கட்டத்தைப் பற்றி நான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

பையில் கைவிட்டால் டிக்கெட்.
பின்பக்கம், சாய்ந்த எழுத்தில், மூன்று ரூபாய்.
பேருந்து இந்நேரம் சிதம்பரம் தாண்டியிருக்கும்.